கமிட்டிக்குத் தெரியாமல் சாகக் கூடாது

வெட்டுப்பட்டுச் செத்திருக்கிறேன். குண்டு பட்டுச் செத்திருக்கிறேன். துறைமுகத்துக் கிரேனிலிருந்து விழுந்தும், உப்பளப் பாத்தியில் முகம் குப்புறக் கிடந்தும், ஒரு தடவை கதாநாயகனின் தங்கை கல்யாணத்தில் பாயசம் குடித்தும் செத்திருக்கிறேன். பெரும்பாலும் இடைவேளைக்கு முன்னால். குணச்சித்திர நடிகன் பிழைப்பு அப்படி. கதாநாயகனுக்குக் கோபம் வர யாராவது சாகவேண்டும். அவன் அம்மா செத்தால் படம் சோகப்படம் ஆகிவிடும், காதலி செத்தால் பாட்டு குறைந்துவிடும். ஆகவே நான்.

சாவதில் பெரிய தொல்லை எறும்புதான். சினிமா ரத்தம் இனிக்கும். உப்புக்காற்றடிக்கும் வெயிலில், கண்ணைத் திறந்தபடி பிணமாகக் கிடக்கையில், காதோரம் ஒரு எறும்பு ஊர்ந்து வந்து உதட்டருகே நின்று யோசிக்கும். கதாநாயகன் என் சட்டையைப் பிடித்து உலுக்கி சபதம் எடுப்பான். வசனம் மறந்துபோய் முதலிலிருந்து எடுப்பான். எறும்பு தன் உறவினர்களைக் கூப்பிட்டுவிடும்.

நடிகனானது என் குற்றமில்லை, பல் வலியின் குற்றம். தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர்களைக் கணக்குப் பார்த்து அனுப்பும் வேலையில் இருந்தேன். ஒரு படப்பிடிப்புக் கூட்டம் வந்து இறங்கியது. தூத்துக்குடிக்கு வரும் சினிமாக்காரர்களுக்கு இங்கே இரண்டே பொருள்கள் விளைகின்றன, ஒன்று அரிவாள், மற்றொன்று கடத்தல் படகு. மக்ரூன் இனிப்புக்காகக் கடை வரிசையில் பொறுமையாக நிற்கும் மனிதர்களை அவர்கள் கேமரா பார்த்ததே இல்லை. அன்று எனக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. உதவி இயக்குநர் ஒருவர் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "சார், உங்க முகத்துல ஒரு இழப்பு இருக்கு" என்றார். மறுநாள் அரிவாளால் வெட்டப்பட்டேன். மறுவாரம் பல்லைப் பிடுங்கினேன். இழப்பு மட்டும் முகத்தில் தங்கிவிட்டது.

இடையிடையே கதாநாயகர்களுக்கு எங்கள் பேச்சைச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் வந்தது. ஒருவர் தன் படத்து அம்மாவையே 'ஏலே' என்று கூப்பிட்டார். "தம்பி, பெத்தவளை அப்படிக் கூப்பிட்டா எங்க பக்கம் சோறு கிடைக்காது" என்றேன். "ஆடியன்ஸ் எதிர்பார்ப்பாங்க சார்" என்றார் இயக்குநர். ஆடியன்ஸ் என்பது யார் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் என்னை எதிர்பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

பிறகு சீரியல் வந்தது. மாலை ஏழு மணித் தொடரில் பெரியப்பா வேஷம். கூடத்து மூலையில் ஒரு சாய்வு நாற்காலி, கையில் செய்தித்தாள். வீட்டில் யாராவது யாருக்காவது விஷம் வைத்தால், செய்தித்தாளை இறக்கி, "எல்லாம் நம்ம கையிலயா இருக்கு?" என்று சொல்லவேண்டும். மறுபடி ஏற்றிக்கொள்ளவேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துச் சில வருஷங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டேன். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய எங்கள் சிற்றூரில் தேவதாயின் சுரூபத்துக்கு அடுத்தபடியாக என் முகத்தைத்தான் பெண்கள் தினமும் பார்த்தார்கள்.

ஒருநாள் இயக்குநர் தோளில் கைபோட்டு, "கதை வேற பக்கம் போகுது சார். ஒரு நல்ல போட்டோவா குடுங்க, சிரிச்ச மாதிரி" என்றார். சீரியலில் போட்டோ கேட்டால் விஷயம் முடிந்தது. பெரியப்பாவை வெளியூர்ச் சாலையில் லாரி அடித்துவிட்டது. லாரியையும் காட்டவில்லை, என்னையும் காட்டவில்லை. தொலைபேசி மணி அடித்தது, எல்லோரும் அழுதார்கள், சந்தனமாலையோடு சுவரில் ஏறினேன். அது ஒளிபரப்பான மாலையில் ஊருக்கு ரயில் ஏறினேன். வேலை போனதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பார்த்தவர்களெல்லாம் 'அடுத்து என்ன?' என்று கேட்பார்களே என்று போனை அணைத்து வைத்தேன்.

எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம். ஊரில் ஒரு சாவு விழுந்தால் மாதா கோயிலில் துக்கமணி அடிக்கும். மணி அடித்துவிட்டால் அடக்கம் முடியும்வரை ஒரு படகும் கடலுக்குப் போகாது.

அன்று சாயங்கால ஜெபம் முடித்துக் கோயிலைப் பூட்டிக்கொண்டிருந்தார் உபதேசியார். மணி அடிப்பவர் அவர்தான், டிவி பார்க்கிற பழக்கம் இல்லாதவர். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஒரே சமயத்தில் அழுகைச் சத்தம். ஓடிப்போய்க் கேட்டிருக்கிறார். மூக்கைச் சிந்திக்கொண்டே ஒருத்தி, "நம்ம சீரியல்காரரு போயிட்டாரு. லாரி அடிச்சுட்டாம்" என்றிருக்கிறாள். அவர் மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டார்.

சீரியலைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊர்க்காரர்களை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். அவர்கள் யோசிக்கத் தெரிந்தவர்கள். சீரியலில் ஒரு நடிகர் நிஜமாகவே செத்துப்போனால்தான் திடீரென்று பாத்திரத்துக்கு மாலை போடுவார்கள், லாரியைக் காட்டமாட்டார்கள், ஆளையும் காட்டமாட்டார்கள். இங்கே இரண்டையும் காட்டவில்லை. போதாததற்குக் கோயில் மணி வேறு அடிக்கிறது. என் நம்பருக்கு அடித்துப் பார்த்தார்கள். அணைந்து கிடந்தது. முடிந்தது வழக்கு.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வள்ளங்களெல்லாம் மணலில் வரிசையாகக் கிடந்தன. கடல் மட்டும் வேலைக்குப் போக ஆயத்தமாகி நின்ற ஆள்போல இருந்தது. முக்கில் டீக்கடை அண்ணாச்சி பாலைத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, ஒரு படகும் போகல, யாரு தவறிட்டா?"

அவர் பாலை இறக்காமலே என்னைப் பார்த்தார். "ஒம்ம பாடி மத்தியானந்தான் வரும்னுல்லா சொன்னாவ. இப்பமே வந்துட்டீரு?"

வீட்டு முன்னால் பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஊர். வாசலில் வாடகைக் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. வீணாக ஓடுகிறதே என்று யாரோ அதற்குள் தண்ணீர் பாட்டில்களை அடுக்கியிருந்தார்கள். மின்கம்பத்தில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். சீரியலில் மாலை போட்ட அதே படம். அதன்கீழே 'நடிப்புச் சுடர்' என்று போட்டிருந்தது. உயிரோடு இருந்த காலத்தில் எனக்கு யாரும் பட்டம் தந்ததில்லை. அதைப் படித்துக்கொண்டே நின்றுவிட்டேன். ஒரு பெண் என்னைப் பார்த்து வீறிட்டாள். பிறகு கூட்டம் மெல்ல மெல்ல என் பக்கம் திரும்பியது. அதில் மகிழ்ச்சி இருந்தது, மறுக்கவில்லை. கூடவே, இலையில் உட்கார்ந்த பிறகு விருந்து இல்லை என்று சொல்லக் கேட்டவர்களின் முகமும் இருந்தது.

என் மனைவி உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை அவிழ்ந்திருந்தது. அவள் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அன்று இரவு ஷிப்டு. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். சேதி காலையில் கம்பெனி வேனில் ஏறும்போதுதான் அவளை அடைந்தது, அதுவும் 'ஒங்க வீட்டு அண்ணாச்சிக்குக் கொஞ்சம் முடியலையாம்' என்ற வடிவில். எங்கள் பக்கம் அதற்கு ஒரே ஒரு பொருள்தான்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஓடிவரவில்லை, அழவில்லை.

"போன எதுக்கு அணச்சு வச்சிய?"

ஏதாவது வசனம் கொடுத்திருந்தால் சொல்லியிருப்பேன். அவள் எழுந்தாள், முகம் கழுவினாள், உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். பந்தலைப் பிரித்ததும், நாற்காலிகளை ஏற்றியதும், குளிர்பெட்டிக்காரன் பாட்டில்களை எடுக்கச்சொல்லிச் சண்டை போட்டதும் எதுவும் அவளை எழுப்பவில்லை. அடுத்த ஷிப்டுக்குத்தான் எழுந்தாள்.

மறுநாள் மாலை கோயில் மண்டபத்தில் ஊர்க்கமிட்டி கூடியது. தலைவர் கப்பலில் போசனாக, மாலுமிகளை வேலை வாங்குகிறவராக, இருந்து ஓய்வுபெற்றவர். அலைக்கு மேலாகக் கத்திப் பழகியதால் சாதாரணமாக நலம் விசாரித்தாலே தூக்கிவாரிப் போடும்.

"என்னவே, கேக்காமக் கொள்ளாமச் செத்துட்டீரு?"

"நான் சாகல அண்ணாச்சி, சாகடிச்சாங்க."

"சாகடிக்கும்போது நீரு எங்க போனீரு? இப்படி இப்படி, இன்ன தேதி சாவப்போறேன்னு ஊருக்கு ஒரு வார்த்த சொல்லணுமா இல்லியா? நேத்து சாளை மீனு கரைக்கிட்ட வந்து நின்னிருக்கு. பக்கத்து ஊர்க்காரன் அள்ளிட்டுப் போறான், இங்கன நாம ஒமக்காக உக்காந்து கடுங்காப்பி குடிச்சிட்டிருக்கோம்."

உபதேசியாரைப் பார்த்து யாரோ முணுமுணுத்தார்கள். அவர் எழுந்துவிட்டார். "மணி அடிச்சா அடிச்சதுதான். பொறவு வந்து ஒரு மனுசன் உசுரோட நின்னா நான் என்ன செய்ய? அடிச்ச மணிய திருப்பி உள்ள போடவா முடியும்?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்க வீட்டுக்காரி அன்னிக்கு அழுத அழுகையப் பாத்து எனக்கே சந்தேகம் வந்துட்டு."

சிரிப்பு அடங்கியதும் தலைவர் தீர்ப்புச் சொன்னார். இனிமேல் கமிட்டிக்குத் தெரியாமல் நான் சாகக் கூடாது. டிவியானாலும் சரி, சினிமாவானாலும் சரி.

"அண்ணாச்சி, எனக்குச் சாவுற வேஷந்தான் குடுப்பாங்க."

"ஏன், கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்து திங்கித வேஷம் குடுக்கமாட்டானா? நல்லாத்தான திங்கீரு?"

மாதங்கள் போயின. ஆள் பிடித்துக்கொடுக்கும் ஏஜென்டுக்கு போன் செய்து, சாகாத வேஷம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "சார், கடைசிவரைக்கும் உயிரோட இருக்கற ரோலெல்லாம் பெரிய ஆளுங்களுக்குப் போயிடுது" என்றான். மனித வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

அப்போதுதான் அந்த இளைஞர் வந்தார். தாடி, துணிப்பை, உலகத் திரைப்பட விழாக்கள் கண்ணில் மின்னும் முகம். முதல் படம். கடலோரக் கதை. கடைசி முத்துக்குளிப்பவர் என்பது பாத்திரம்.

"தம்பி, முத்துக்குளிப்பு நின்னு எவ்வளவோ காலமாச்சு. இப்போ இங்க சங்குதான் குளிக்கிறாங்க."

"சங்குன்னா ஆடியன்ஸ் வேற மாதிரி எடுத்துப்பாங்க சார். முத்துதான் உலகளாவியது."

செத்தபிறகு முதுமக்கள் தாழியில் வைத்துப் புதைக்கலாமா என்றும் கேட்டார், ஆதிச்சநல்லூர் பக்கத்தில்தானே இருக்கிறது என்றார். "நாங்க வேதக்காரங்க தம்பி. பெட்டிதான்" என்றேன். வருத்தத்தோடு விட்டுக்கொடுத்தார்.

ஆனால் அடுத்து அவர் சொன்னதில் எனக்குக் காது அடைத்தது. கடற்கரையில் கிழவனைக் கிடத்தியிருக்கிறார்கள். ஊர் சுற்றி நிற்கிறது. வெட்டே இல்லை, இசை இல்லை. மூன்று நிமிஷம் முழுக்க முழுக்க ஒரே காட்சி. "உங்க முகம் மட்டும் சார்."

என் முகம் மட்டும். இத்தனை வருஷத்தில் கேமரா என் முகத்தில் தங்கிய நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு மெழுகுத்திரி பற்றிக்கொள்கிற நேரம் வராது. எப்போதும் யாருடைய தோளுக்கோ பின்னால், பாதி காதாக, கால்வாசி மீசையாக இருந்தவன். மூன்று நிமிஷம் என்பது எனக்கு ஒரு சொந்த வீடு.

மனைவியிடம் சொன்னேன். அவள் சீருடையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு துவைத்தாலும் இறால் வாடை போகாத அந்த நீலச் சீருடை.

"ஊர் சரின்னா செத்துக்கிடுங்க. எங்கிட்ட கேக்காதிய."

"ஒரே ஒரு தடவ. மூணு நிமிஷம் என் முகம் மட்டும்..."

அவள் கொடியைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னிக்கு வேன்ல ஏறுனதும் டிரைவர் பாட்டுப் போடல. தெனமும் போடுவான், காது கிழியும். நாங்கதான் கொறைக்கச் சொல்லுவோம். அன்னிக்குப் போடல. ஒருத்தியும் கேக்கல. ஒங்களுக்கு முடியலன்னு அவன் சொன்னதெல்லாம் பொறவு. பாட்டு போடாத அந்த நிமிசமே எனக்குத் தெரிஞ்சுட்டு. ஊரு வாரவரைக்கும் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே வந்தேன்."

இந்த வேஷத்தை விட்டுவிடுகிறேன் என்று நான் சொல்லியிருக்கவேண்டிய இடம் அதுதான். கண்ணுக்குள் அந்த மூன்று நிமிஷம் விளக்குப் போட்டு நின்றது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கமிட்டிக்குப் போனேன்.

கமிட்டியில் பெரிய விவாதம். கரையில் ஒருவன் பிணமாகக் கிடக்கையில் படகு இறக்கலாமா, கூடாதா? நடிப்புப் பிணம் என்றாலும் பிணம் பிணம்தானே? கடைசியில் ஒரு பெரியவர் வழி சொன்னார். எங்களூரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை, பூசை நாள்.

"ஞாயித்துக்கெழம செத்துக்கோரும்வே. ரெண்டாம் பூசைக்குப் பொறவு. ஒருத்தனுக்கும் நட்டமில்ல."

தலைவர் மேசையைத் தட்டினார். தீர்மானம் நிறைவேறியது. பங்குச்சாமியார் பூசையின் முடிவில் கல்யாண அறிவிப்பு ஓலைகளை வாசித்துவிட்டு, இன்று பதினோரு மணிக்கு நமது ஊர் நடிகர் கடற்கரையில் மரிப்பார், அது படத்துக்காக, மணி அடிக்கப்படாது, என்று முறையாக அறிவித்தார். உபதேசியார் மணிக்கயிற்றை மேலே சுருட்டிக் கட்டிவிட்டு, கடற்கரைக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

மணலில் பாய் விரித்து என்னைக் கிடத்தினார்கள். ஊரே வந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். பிரச்சினை அங்கே ஆரம்பித்தது. அழச்சொன்னால் சிரித்தார்கள். ஒருத்தி அடக்கப் பார்த்து மூக்கால் வெடிப்பாள், மற்றவள் அவள் தொடையில் கிள்ளுவாள், அதோடு போச்சு.

"ஏளா, மீசைய முறுக்கிக்கிட்டு சாவுதாரு பாரு!"

இயக்குநர் கும்பிட்டார். "அம்மா, கொஞ்சம் அழுங்கம்மா. நீங்க அவ்வளவு அழுதீங்கன்னு சொன்னாங்களே."

"அன்னிக்கே அழுதாச்சு தம்பி. ஒரு ஆளுக்கு எத்தன மட்டம் அழ?"

வெயில் ஏறியது. டேக் மேல் டேக் போனது. என் மூன்று நிமிஷம் சிரிப்பில் கரைந்துகொண்டிருந்தது. கடைசி முறை என்று இயக்குநர் சொன்னார். கண்ணை மூடினேன். வழக்கம்போல ஒரு சிரிப்பு கிளம்பியது. பாதியில் நின்றது. அதன்பின் ஒருவரும் சிரிக்கவில்லை. யாரும் இருமக்கூட இல்லை. அலை வந்து போவது மட்டும் கேட்டது. அந்த மௌனம் மணல்வழியாக என் முதுகுக்குள் ஏறியது. இதுதான், இதுதான் என்று மூச்சைப் பிடித்தேன். காதுக்குள் ரத்தம் இரைந்தது. 'கட்' வரவில்லை. நெஞ்சு வெடிக்கும்போல ஆனது. 'கட்' வரவில்லை. இனி முடியாது என்று மெல்லிசாக ஒரு மூச்சை விட்டேன், வயிறு தாழ்ந்து எழுந்தது எனக்கே தெரிந்தது. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதும் 'கட்' வரவில்லை.

'கட்' வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். எழுந்து உட்கார்ந்து, கும்பிட்டு, கண் கலங்கினேன். பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால், குடையைப் பிடித்தபடி என் மனைவி வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். வந்திருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

படம் தூத்துக்குடித் தியேட்டருக்கு வந்தபோது வேன் பிடித்து ஊரே போனோம். கடைசிக் காட்சி. மணல் தெரிந்தது. பாய் தெரிந்தது. என் இரண்டு பாதங்கள் தெரிந்தன, அவசரத்தில் கழுவாமல் விட்ட குதிகால் உட்பட. பிறகு கேமரா மெதுவாக என்னைத் தாண்டிப் போய் ஒரு குடையின்கீழ் நின்றது. மூன்று நிமிஷம். வெட்டே இல்லை, இசை இல்லை. அவள் முகம் மட்டும். அழுகை இல்லாத, இமைக்காத, திரைக்கு வெளியே எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற முகம். ஒரு கட்டத்தில் அந்த முகத்தில் ஏதோ ஒன்று லேசாக அவிழ்ந்தது. தியேட்டரில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு வெளியூர்க்காரர், "யாருய்யா இந்த நடிகை? பெரிய நடிகையா இருக்கும்போல" என்றார்.

என் சொந்த வீட்டில் வேறொருவர் குடியிருந்தார். வயிறெரிந்தது. இல்லை என்று சொன்னால் பொய். வெளியே வந்து ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன், அவளுக்கும் எனக்குமாக.

"எப்படி நடிச்ச அப்படி? யாரு சொல்லிக்குடுத்தா?"

"நான் எங்க நடிச்சேன்?" அவள் கரண்டியால் கிளாஸின் அடியைக் கிளறினாள். "ஒங்க வயிறு அசையுதான்னு பாத்துக்கிட்டிருந்தேன். ரொம்ப நேரம் அசையல. பொறவு அசைஞ்சுது. வந்துட்டேன்."